முட்டுக்கட்டையோடு பிறக்கும் வைரஸ்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்குப் புளிப்பு என்றாலே ஆகாது. பால் கேனின் விளிம்பில் முந்தின நாள் பால் கொஞ்சம் ஒட்டியிருந்தால்கூடப் போதும், அடுப்பில் சூடேறும்போது மொத்தப் பாலும் திரிந்துவிடும். தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த புரதத் துணுக்குகள் அமிலம் பட்டதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு தண்ணீர் விட்டாலும் சரி, சோடா உப்பு போட்டாலும் சரி, திரிந்த பால் மறுபடி பாலாகாது.

உண்ணி வழியாகப் பரவும் ஒரு வைரஸின் மேலோடும் ஏறக்குறைய இப்படித்தான். அமிலம் பட்டால் உருமாறும், மாறினால் திரும்பாது. ஆனால் அந்த வைரஸ் அமிலத்தை இரண்டு முறை கடக்க வேண்டும். ஒரு செல்லுக்குள் பிறந்து வெளியேறும் வழியில் ஒருமுறை, இன்னொரு செல்லுக்குள் நுழையும் வழியில் மறுமுறை. இரண்டாம் முறை அது கட்டாயம் உருமாற வேண்டும். அப்போதுதான் உள்ளே போக முடியும். முதல் முறையே உருமாறிவிட்டால் எதற்கும் உதவாத வெற்றுத் துகளாகிவிடும். மூளை கிடையாது, நரம்பு கிடையாது, உயிர் என்று சொல்லவே தயங்க வேண்டிய ஒரு பொருள் அது. எது முதல் தடவை, எது இரண்டாம் தடவை என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

விடையை எட்டுவதற்கு முன் உண்ணியிலிருந்து தொடங்க வேண்டும்.

ராஜபாளையம் நாய் வெள்ளை நிறம். 2005இல் நம் அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்கள் தபால்தலை வரிசையில் இடம்பெற்ற நாய் அது. வெள்ளை உடம்பாதலால் காதுமடலில் உண்ணி ஒட்டியிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து நாயின் காதை மடக்கி, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. பசியோடு இருக்கும் உண்ணி எள் அளவு. இரத்தம் குடித்தது துவரம்பருப்பு அளவுக்கு உப்பியிருக்கும். அதைப் பூச்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அது பூச்சியில்லை, எட்டுக் கால் உண்டு, சிலந்திக்கு உறவு. கொசுவைப்போல ஒரு நொடியில் குத்திவிட்டுப் பறப்பதும் இல்லை. வாயைத் தோலுக்குள் செருகி, காரை பூசியதுபோல் இறுக்கிக்கொண்டு, நாள்கணக்கில் குடிக்கும். வலி தெரியாமலிருக்க எச்சிலை இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த எச்சில்தான் வைரஸ் போகும் பாதை.

நாயின் உடம்பிலுள்ள உண்ணியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். நான் சொல்லப்போகும் நோயைப் பரப்புவதில் முதலிடம் வேறோர் இனத்துக்கு. ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்பது அதன் அறிவியல் பெயர்; காட்டில் குரங்கு, எலி, மாடு, மனிதர் என்று எது கிடைத்தாலும் ஏறும். 1957ஆம் ஆண்டு அன்றைய மைசூர் மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டம், சொரபா தாலுகாவிலுள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே காட்டோர ஊர்களில் மனிதர்களுக்கும் கடுங்காய்ச்சல் வந்தது, சிலருக்கு இரத்தக் கசிவும் இருந்தது. குரங்கும் மனிதரும் சேர்ந்து சாவதைக் கண்டதும், தென்னமெரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. புனேயிலிருந்த வைரஸ் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் வைரஸைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். மஞ்சள் காய்ச்சல் இல்லை. ரஷ்யாவின் பனிக்காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்குத்தான் இது நெருங்கிய சொந்தம் என்று தெரியவந்தது.

கியாசனூரின் வைரஸுக்கும் சைபீரியாவின் வைரஸுக்கும் உறவு என்று 1957இல் எப்படிக் கண்டார்கள்? மரபணுவைப் படிக்கும் கருவிகள் அன்று இல்லை. ஒரு வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை இன்னொரு வைரஸோடு கலந்து, பற்றுகிறதா என்று பார்த்தார்கள். ரஷ்ய வைரஸுக்கான எதிர்ப்பொருள் கியாசனூர் வைரஸையும் பற்றியது. எதிர்ப்பொருள் தொட்டுப் பார்ப்பது வைரஸின் மேலோட்டுப் புரதத்தை. ஆக, அந்தப் புரதத்தின் வடிவத்தை எவரும் கண்ணால் காண்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அதைத் தடவிப் பார்த்தே உறவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கன்னடத்தில் இந்த நோயை மங்கன காயிலெ என்கிறார்கள். தமிழில் குரங்குக் காய்ச்சல். நீண்ட காலம் சிவமொக்காவோடும் அதைச் சுற்றிய மாவட்டங்களோடும் நின்ற நோய், 2012-13 பருவத்தில் பந்திப்பூர், முதுமலை, வயநாடு சேருமிடத்தில் தலைகாட்டியது. நீலகிரியில் இறந்த குரங்கின் உடலிலும் வைரஸ் தென்பட்டது. 2021இல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடும் அதே மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதிதான். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் ஓடைப் பக்கத்திலும் நாட்டுக் குரங்கும் மேய்ச்சல் மாடும் ஒரே நிழலில் நிற்பதைப் பார்க்கிறவர்கள், இந்த வைரஸைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இப்போது வைரஸுக்குள் போவோம். அதன் விட்டம் சுமார் 50 நானோமீட்டர். தலைமுடியின் குறுக்களவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். நடுவில் மரபுச்செய்தி எழுதிய ஆர்என்ஏ இழை, அதைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம், படலத்தின் மேல் புரத ஓடு. ஆர்என்ஏ இழையில் இருப்பது சுமார் 11,000 எழுத்துகள்தான். ஒரு வாரப் பத்திரிகையின் நான்கைந்து பக்கத்தில் அடங்கிவிடும். இவ்வளவு சிறிய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஓர் உருண்டை முழுவதையும் மூடும் ஓட்டுக்கு வரைபடம் எழுத முடியுமா?

1956இல் கிரிக்கும் வாட்சனும் இதற்குத் தர்க்கத்தாலேயே விடை சொன்னார்கள். பெரிய ஓடு ஒன்றுக்குத் திட்டம் எழுத இடமில்லையென்றால், சிறிய துண்டு ஒன்றுக்கு மட்டும் திட்டம் எழுதி, அதையே திரும்பத் திரும்ப வார்த்து அடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். செங்கல் அறுக்கிறவரிடம் ஓர் அச்சு இருந்தால் போதும், வீடு முழுவதற்கும் கல் கிடைத்துவிடும் அல்லவா? நம் வைரஸில் அந்தச் செங்கல்லுக்கு ‘ஈ’ என்று பெயர்; மேலுறைப் புரதம் என்று சொல்லலாம். ஒரு வைரஸின் மேல் சரியாக 180 ஈ புரதங்கள் இருக்கின்றன.

செங்கல்லை அடுக்கக் கொத்தனார் வேண்டும். இங்கே கொத்தனார் இல்லை. புரதத்தின் வடிவமே, எந்தப் பக்கம் எதோடு பொருந்த வேண்டும் என்பதைத் தன்னுள் வைத்திருக்கிறது. இதற்குச் சான்று ஒன்று உண்டு. ஆய்வகத்தில் ஒரு செல்லுக்குள், ஈ புரதத்துக்கும் அதன் துணைப் புரதத்துக்கும் உரிய மரபணுக்களை மட்டும் செலுத்தினார்கள். ஆர்என்ஏவைப் பொதியும் உட்புரதம் இல்லை, வைரஸின் மரபிழையும் இல்லை. அப்படியும் அந்தச் செல்லிலிருந்து சின்னச் சின்ன உருண்டைகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் 60 ஈ புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. சாமி இல்லாமலே தேர் நின்றதுபோல. கட்டுமானத் திட்டம் மேற்பரப்புப் புரதங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

அந்தப் புரதம் எப்படி இருக்கும்? 1995 வரை யாருக்கும் தெரியாது. அதுவரை நன்கு தெரிந்திருந்த மாதிரி ஃபுளூ வைரஸின் முள்தான். படலத்தின் மேல் ஆணி அடித்ததுபோல் நிமிர்ந்து நிற்கும். உண்ணி வைரஸிலும் அப்படியொரு முள்ளைத்தான் எதிர்பார்க்க முடிந்தது. வியன்னாவில் ஃபிரான்ஸ் ஹைன்ஸின் குழு ஐரோப்பிய உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸை வளர்த்து, டிரிப்சின் என்ற செரிமான நொதியால் அதன் ஈ புரதத்தை அறுத்தெடுத்தது. நெல்லை வேரோடு பிடுங்காமல் தாளை விட்டுவிட்டு அறுக்கிறோமே, அதுபோலப் படலத்தில் ஊன்றிய அடிப்பகுதியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்தார்கள். ஹார்வர்டில் ஸ்டீபன் ஹாரிசனோடு பணியாற்றிய ஃபெலிக்ஸ் ரே, அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். ஒற்றை மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் மிக மெல்லியது, காதில் விழாத முணுமுணுப்பு போன்றது. படிகத்தில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்பதால் அந்த முணுமுணுப்பு கோரஸாகிவிடுகிறது. கோரஸிலிருந்து வடிவத்தைக் கணக்கிடலாம்.

வந்த வடிவம் முள் இல்லை. ஈ புரதங்கள் இரண்டிரண்டாக, தலைமாடு கால்மாடாகச் சேர்ந்து படுத்துக்கிடந்தன. ஒரு சிறிய வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே பாயில் ஒருவர் தலைப்பக்கம் மற்றவர் கால் வைத்துப் படுப்பதுபோல. ஒவ்வொரு ஈ புரதத்திலும் மூன்று மடல்கள். நடு மடல், நீண்ட கை போன்ற இரண்டாம் மடல், கட்டைவிரல் போல் மடங்கிய மூன்றாம் மடல். அந்த நீண்ட கையின் நுனியில் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு சின்ன வளையம் இருக்கிறது. இந்த வளையம் தண்ணீரை வெறுக்கும், கொழுப்பைக் கண்டால் குத்திக்கொண்டு புகும். வைரஸின் ஆயுதம் அதுதான். இணையாகப் படுத்திருக்கும்போது ஒவ்வொன்றின் வளையமும் மற்றதன் உடலுக்கடியில் பத்திரமாக மறைந்திருக்கிறது. கத்தியை ஒருவர் மற்றவரின் இடுப்பில் செருகிக்கொண்டு தூங்குகிறார்கள்.

இப்படி 90 இணைகள் எப்படி உருண்டையை மூடுகின்றன என்பதை 2002இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கூனும் மைக்கேல் ராஸ்மனும் டெங்கு வைரஸில் காட்டினார்கள். டெங்குவும் இதே குடும்பம். பரப்புவது மட்டும் கொசு. வைரஸ் கலந்த நீரை, பனிக்கட்டிப் படிகம் உண்டாகக்கூட நேரம் கொடுக்காமல் நொடியில் உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்கும் முறையில் அதைக் கண்டார்கள். இப்படி நினைத்துப் பாருங்கள்: ஆண்டாள் தேர் ஆடிப்பூரத்தன்று ரத வீதிகளைச் சுற்றி வருகிறது. பார்க்கிற ஆயிரம் பேர் ஆயிரம் கோணத்தில் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு படமும் மங்கலாகவே இருக்கட்டும். அத்தனையையும் ஒன்றுசேர்த்தால் தேரின் முழு உருவத்தையும் கணினியில் எழுப்பிவிடலாம். உறைந்த நீரில் வைரஸ்கள் எல்லாத் திசையிலும் திரும்பிக்கிடப்பதால் இது முடிகிறது. இந்த முறையை உருவாக்கிய மூவருக்கு 2017இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே செக் நாட்டின் பிர்னோ நகர ஆய்வாளர்கள் உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸையும் இப்படிப் பிடித்துக் காட்டினார்கள். அதே அமைப்பு.

அந்த அமைப்பைப் பார்த்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது கல்யாணப் பந்தலுக்கு முடைந்த தென்னங்கிடுகு. மும்மூன்று இணைகள் ஒன்றையொன்று ஒட்டி ஒரு பட்டையாகின்றன. அப்படி 30 பட்டைகள், கிடுகின் மீன்முள் வரிசைபோல் சாய்ந்து சாய்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருண்டையை மூடுகின்றன. அடியிலிருக்கும் கொழுப்புப் படலம் எங்குமே வெளியே தெரிவதில்லை. சத்திரப்பட்டியில் நெய்யும் காயக்கட்டுத் துணியில் இழைக்கு இழை சந்து விட்டிருக்குமே, அதற்கு நேர் எதிரான நெசவு இது. 180 துண்டுகளை உருண்டையில் அடுக்குவதற்கு 1960களிலிருந்து வைரஸ் அறிஞர்கள் நம்பிவந்த வடிவக் கணக்கு ஒன்று உண்டு. இந்த மீன்முள் அடுக்கு அதற்கும் அடங்கவில்லை.

இனி நுழைவு. வைரஸை நம் செல் ஏதோ உணவுத் துணுக்கு என்று எண்ணிப் பைபோல மடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு அந்தப் பைக்குள் அமிலத்தை ஏற்றுகிறது. புளித்த மோர் அளவுக்கெல்லாம் வேண்டாம், மிக இலேசான புளிப்பே போதும். படுத்திருந்த இணைகள் பிரிகின்றன. ஈ புரதம் எழுந்து நிற்கிறது; மறைந்திருந்த வளையம் வெளியே வந்து பையின் சுவரில் குத்துகிறது. பிறகு மூன்று மூன்றாகச் சேர்ந்து, இடுப்பில் மடங்கி, பையின் சுவரையும் வைரஸின் படலத்தையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றன. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி விடுவோமே, கொக்கி மாட்டியதும் கயிற்றைச் சுருட்டுவோமே, அந்த வேலைதான். இரண்டு படலங்களும் உருகி ஒன்றாகின்றன. வைரஸின் ஆர்என்ஏ செல்லுக்குள் இறங்குகிறது. புளிப்பு ஏறிய பிறகு எல்லாம் சில நொடிகளில்.

இணை மும்மையாக மாறுவதையும், மாறினால் திரும்பாது என்பதையும் வியன்னா குழு 1995இலேயே கண்டிருந்தது. சுத்தம் செய்த வைரஸை அமிலத்தில் போட்டு, பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். மும்மைகள் மும்மைகளாகவே இருந்தன. நுழைய ஒரு செல் பக்கத்தில் இல்லாதபோது அமிலம் பட்ட வைரஸ், சுடாமலே வெடித்துப்போன வெடி. அதனால்தான் பிறப்பு வழியிலுள்ள அமிலம் இவ்வளவு பெரிய சிக்கல்.

செல்லுக்குள் வைரஸ் பிறக்கும்போது ஈ புரதம் தனியாகப் பிறப்பதில்லை. முன்சொன்ன துணைப் புரதம் ஒன்று கூடவே பிறந்து அதன்மேல் தொப்பிபோல் உட்கார்ந்துகொள்கிறது. அந்தத் தொப்பி அமர்வது சரியாக வளையத்தின் மேல். பிறந்த புதிதில் வைரஸ் வழுவழுப்பாக இருக்காது. மும்மூன்றாகச் சேர்ந்த 60 கூம்புகள் துருத்திக்கொண்டு பலாக்காய் போல் இருக்கும். வெளியேறும் வழியில் செல்லின் அமிலம் நிறைந்த அறை வருகிறது. அங்கே கூம்புகள் சரிந்து, கிடுகுபோல் படுத்துக்கொள்கின்றன. அப்படிப் படுக்கும்போதுதான், அதுவரை எட்டாமலிருந்த ஒரு வெட்டுமிடம் வெளியே தெரிகிறது. செல்லுக்குச் சொந்தமான ஃபியூரின் என்ற வெட்டுநொதி வந்து தொப்பியின் காம்பை நறுக்குகிறது.

காம்பு அறுந்த தொப்பி அங்கேயே விழுந்துவிடுவதில்லை. அமிலம் இருக்கும்வரை அது ஈ புரதத்தின்மேல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. 2008இல் டெங்கு வைரஸை வைத்து இதைக் காட்டினார்கள். தேர் சரிவில் ஓடிவிடாமலிருக்கச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தேர் நிலைகொள்ளும்வரை கட்டையை எடுக்கமாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான். வைரஸ் செல்லைவிட்டு வெளியே, புளிப்பில்லாத இரத்தத்துக்கும் உடல்நீருக்கும் வந்தபிறகுதான் தொப்பி தானாகக் கழன்று மிதந்து போகிறது. அந்தக் கணம்வரை வளையம் பூட்டிக்கிடக்கிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். வைரஸுக்கு முதல் தடவை எது, இரண்டாம் தடவை எது என்று தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. முதல் தடவை முட்டுக்கட்டை இருக்கிறது, இரண்டாம் தடவை இல்லை. அதே அமிலம் ஒருமுறை அதை முதிரவைக்கிறது, மறுமுறை அதைத் திறக்கிறது. எல்லா வைரஸிலும் இது ஒழுங்காக நடப்பதும் இல்லை. ஆய்வகத்தில் வளர்க்கும் டெங்கு வைரஸ்களில் தொப்பி பாதி கழன்றும் பாதி கழலாமலும் இருப்பவை ஏராளம்.

மேலோட்டின் இந்த வடிவம் தடுப்பூசிக்கும் முக்கியம். நம் உடலின் எதிர்ப்பொருள்கள் பற்ற வேண்டியது முதிர்ந்து, மூடி, படுத்திருக்கும் ஈ புரதத்தை. இரத்தத்தில் திரியும் வைரஸ் அந்தக் கோலத்தில்தான் வரும். குரங்குக் காய்ச்சலுக்குக் கோழிக்கரு செல்லில் வளர்த்து ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த தடுப்பூசி ஒன்று 1990 முதல் கர்நாடகத்தில் பயன்பட்டது. அது போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று 2022இல் நிறுத்தப்பட்டது. புதிய தடுப்பூசி எந்த முறையில் வந்தாலும், அது உடலுக்குக் காட்டும் ஈ புரதம் திரிந்த பாலாக இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் உடல் வேறொரு முகத்தை மனப்பாடம் செய்துவிடும், உண்மையான வைரஸ் வரும்போது அடையாளம் தெரியாது.

போன தை மாதம் மலையடிவாரத்தில் கிடை போட்டிருந்த கீதாரி ஒருவரிடம் இதையெல்லாம் என்னால் முடிந்த அளவு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது கெடக்கட்டும் தம்பி, உண்ணி கால்ல ஏறிருச்சுன்னா என்ன செய்யணும், அதச் சொல்லுங்க” என்றார். சரியான கேள்வி. இந்த நோய் தலைகாட்டுவது டிசம்பர் முதல் மே வரை, இளம் உண்ணிகள் இரை தேடும் வறண்ட மாதங்களில். காட்டில் செத்துக்கிடக்கும் குரங்கின் பக்கம் போகவேண்டாம். உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் அதைவிட்டு இறங்கி அடுத்த உடலுக்காகக் காத்திருக்கும். காலில் கடித்துக்கொண்டிருந்தால் அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றவோ பீடியால் சுடவோ கூடாது. திணறும் உண்ணி எச்சிலைக் கடிவாய்க்குள்ளேயே கக்கிவிடக்கூடும். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும், விரலால் நசுக்கக் கூடாது, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அடுத்த சில நாளில் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

“எடுத்த உண்ணிய?” என்றார்.

“அத மண்ணெண்ணெயில போடலாம், பெரியவரே.”